பழைய கார்களுக்கு பாடி பாகங்களைக் கூட்டாகச் செய்து வாங்குவது: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவருக்கு எஞ்சின் பெரிய கவலை இல்லை. மெக்கானிக் கிடைப்பார், பிஸ்டன் ரிங்கும் எங்காவது கிடைத்துவிடும். தகரம்தான் பிரச்சினை. பிரீமியர் பத்மினி தயாரிப்பு நின்றுபோய் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. அம்பாசடர் 2014-இல் நின்றது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நல்ல மட்கார்டு, சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரம்), டோர் ஸ்கின் (கதவின் வெளித் தகரம்) எல்லாம் இனிமேல் யாராவது புதிதாகச் செய்துகொடுத்தால்தான் உண்டு.

ஒருவர் போய் ஒரு ஜோடி கேட்டால் பட்டறைக்காரர் காது கொடுக்க மாட்டார். பத்துப் பேர் சேர்ந்து போனால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. வண்டியைப் பார்ப்பது, பாகத்தை முடிவு செய்வது, மாதிரி எடுப்பது (பட்டறைக்குக் காட்ட வேண்டிய மூல வடிவம்), விலை கேட்பது, முன்பணம், சாம்பிள் (பட்டறை முதலில் செய்து தரும் ஒரு ஜோடி), மீதிப் பணம், மொத்த ஆர்டர். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையில் ஆரம்பித்து, பணம் வசூலித்து, அதன் பிறகே வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் கணக்கு, இன்னொருவர் தகரம். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால், பாகம் சரியில்லை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அட்வான்ஸ் போய்விடுமே என்ற பயம் வாயைக் கட்டிவிடும். பணத்தைத் தொடாத ஒருவர்தான் “இது உட்காராது, திருப்பி அனுப்பு” என்று தயங்காமல் சொல்வார்.

அடுத்தது, வேலை தெரிந்த ஒரு டிங்கர். பாகம் வந்து இறங்கிய பிறகு அவரைத் தேடிப் போகாதீர்கள், முதல் நாளே கூடவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓரம் எத்தனை மடிப்பு வர வேண்டும், எங்கே கொஞ்சம் கூடுதல் தகரம் விட்டால் வெட்டிச் சேர்க்க வசதி என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, நாட்காட்டி. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை குன்னூர், கோத்தகிரியில் மழை, மலைப்பாதையில் மண் சரிவு. பெயின்ட் அடிக்க நம் ஊரில் நம்பகமான காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான். ஈரக் காற்றில் தின்னர் கலந்த பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளை படரும். அதனால் பாகங்கள் ஜனவரியில் கைக்கு வரும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டால் மாதிரி எடுக்கும் வேலையை ஜூலைக்குள் முடித்தாக வேண்டும்.

2. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் படுத்துப் பாருங்கள்

“எனக்கு எல்லாமே வேணும்ணா” என்பவரிடம் பட்டியல் வாங்கிப் பயனில்லை. அவர் வண்டியில் உண்மையில் எது போயிருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பட்டிக்கு (பள்ளத்தை நிரப்பும் பசை) மேல் பட்டி, அதன் மேல் பெயின்ட் என்று பல வருஷத்து வேலை எல்லாவற்றையும் மூடிவைத்திருக்கும்.

ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையை சில்லின் அடி மடிப்பில் அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே தகரம் இல்லை, துருதான் இருக்கிறது.

மலையில் ஒரு தனிக் கோளாறு உண்டு. இங்கே பெரும்பாலான வண்டிகள் சரிவில் நிற்கின்றன, அதுவும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே திசையில். சில்லுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் சமதரையை நினைத்து வைத்தவை. மூக்கை மேலே வைத்து நிறுத்திய வண்டியில் தண்ணீர் பின்பக்க மூலைக்கு ஓடி, அங்கேயே தேங்கிவிடும். அதனால் முன்பாதி கெட்டியாகவும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ஒரு சாண் மட்டும் சல்லடையாகவும் இருக்கும். இவருக்கு முழு சில் வேண்டுமா, பின்முனைத் துண்டு போதுமா என்பதை அடியில் படுத்துப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும். துண்டு போதும் என்பவர்கள் ஆறு பேர் இருந்தால் ஆர்டரே மாறிவிடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே கோணங்களில் போட்டோ வாங்குங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. ஸ்கேல் இல்லாத போட்டோவில் அழகு தெரியும், அளவு தெரியாது.

3. முதல் முறை ஒரே ஒரு பாகம், அதுவும் நேரானது

பலரும் மட்கார்டிலோ பானெட்டிலோ ஆரம்பிக்கத் துடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் இரண்டு திசையிலும் வளைகிற தகரத்துக்கு ஒன்று பிரஸ்ஸும் டையும் (தகரத்தை அழுத்தி வடிவம் எடுக்கும் அச்சு) வேண்டும், இல்லையென்றால் நல்ல கைவேலைக்காரர் வேண்டும். டைக்கு ஆகும் பணத்தைப் பத்துப் பேர் தாங்க மாட்டார்கள். கைவேலையில் பத்து மட்கார்டு செய்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும்.

சில், ஃப்ளோர் துண்டு, சக்கர வளைவுக்குக் கீழே வரும் பட்டை போன்றவை வேறு வகை. தகட்டை லேசரில் வெட்டி பெண்டிங் மெஷினில் மடக்கினால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். முனைகளை மட்டும் கையால் தட்டிச் சரிசெய்ய வேண்டும். டை செலவு கிடையாது, அல்லது மிகக் குறைவு. முதல் கூட்டு ஆர்டருக்கு இதைவிட நல்ல பாகம் இல்லை என்பது என் கருத்து. கூட்டத்துக்கும் பட்டறைக்கும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்ள இது உதவும்.

மட்கார்டுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களுக்கு ஃபைபர் ஒரு வழி. நல்ல மட்கார்டு ஒன்றிலிருந்து அச்சு எடுத்து வார்க்கலாம், விலையும் குறைவு. ஆனால் ஃபைபரில் மின்சாரம் பாயாது. பழைய வண்டியில் ஹெட்லைட், பார்க் லைட், ஹாரன் எல்லாம் பாடி வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. ஃபைபர் மட்கார்டு மாட்டியதும் லைட் எரியவில்லை என்று எலக்ட்ரீஷியனைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தால் தீர்ந்தது. அதை ஆர்டர் தாளிலேயே எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

4. வண்டி விவரத் தாள்: பெயர் ஒன்று, தகரம் வேறு

“அம்பாசடர்” என்று எழுதிக்கொடுத்தால் எதுவும் புரியாது. மார்க் 2-இன் கிரில் சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்டது. மார்க் 4-இல் கிரில்லே சிறிதாகி, கட்டங்கள் பெரிதாகி, பார்க் லைட் சதுரமாகிவிட்டது. முன்பக்கத் தகரம் ஒன்றுக்கொன்று சேராது. பழைய ஃபியட் 1100-களில் முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், பத்மினியில் அப்படி இல்லை. கதவுத் தூண், கீல் இருக்கும் இடம், அதை ஒட்டிய தகரம் எல்லாம் அதற்கேற்ப மாறும்.

ஹெரால்டு இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தில் விற்ற ட்ரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது. அதனால் அங்கே செய்யும் கதவும் பின்பக்கத் தகரமும் நம் நான்கு கதவு வண்டிக்கு ஆகாது. அதற்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கஸெல் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஹெரால்டில் முன்பக்கம் முழுவதுமாக முன்னோக்கிச் சாயும், கஸெலில் சாதாரண பானெட்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐம்பது வருஷத்தில் எத்தனை டிங்கர் கை பட்டதோ! மார்க் 2 வண்டியில் மார்க் 4 முகம் மாட்டி ஓடுகிறவர்கள் நிறைய. வருஷம், சேசிஸ் எண், இப்போது வண்டியில் இருக்கும் பாகத்தின் அளவு, இந்த மூன்றும் தாளில் வேண்டும்.

இடது, வலது என்று எழுதவே வேண்டாம். முன்னால் நின்று பார்த்து இடது என்பார் ஒருவர், உள்ளே உட்கார்ந்து பார்த்து இடது என்பார் இன்னொருவர். லாரிக்காரர்கள் சொல்வதுபோல டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று எழுதுங்கள். நம் ஊருக்குள் இதில் குழப்பமே வராது. வெளிநாட்டில் கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இத்தாலியில் டிரைவர் உட்காருவது இடப்பக்கம், நம் கிளீனர் சைடு அவர்களுக்கு டிரைவர் சைடு.

5. மாதிரி எடுப்பது

பட்டறைக்கு வாய்வார்த்தையில் அளவு சொல்ல முடியாது, ஒரு பொருள் கொடுக்க வேண்டும். சிறந்தது, ஒருமுறைகூடக் கழற்றாத, கம்பெனியில் வெல்டிங் செய்தபடியே இருக்கும் பாகம். அது துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, வடிவம் பொய் சொல்லாது. பளபளவென்று புதிதாகத் தெரிகிற சில்லில்தான் சந்தேகம் வர வேண்டும். அது ஏற்கெனவே யாரோ ஒருவர் கண்ணளவில் தட்டிச் செய்ததாக இருக்கும். அந்தத் தப்பைப் பத்து மடங்காக்கி வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்.

ஓடாத வண்டியிலிருந்து வெட்டி எடுப்பதாக இருந்தால், பாகத்தைச் சுற்றி நான்கு விரல் அகலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தகரத்தோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பது அந்தக் கூடுதல் ஓரத்தில்தான் தெரியும்.

வெட்ட மனம் வராத வண்டி என்றால் சார்ட் அட்டையில் குறுக்குவெட்டு எடுங்கள். ஒரு சில்லுக்கு முன்முனை, நடு, பின்முனை என்று மூன்று இடமாவது வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே வடிவம்தானே என்று நடுவில் மட்டும் எடுத்து அனுப்புவது வழக்கமான தப்பு. பழைய வண்டிகளில் சில் இரண்டு முனையிலும் மெதுவாகக் குறுகும்.

பிறகு அந்த அட்டையை வேறு இரண்டு வண்டிகளில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பொருந்தினால்தான் அது மாதிரி. ஒரு வண்டியில் மட்டும் பொருந்தினால் அது அந்த வண்டியின் அளவு மட்டுமே.

அளவு மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. டிங்கர் “ரெண்டு நூல் தூக்கி நிக்குதுங்க” என்பார். லேசர் கடைக்காரருக்கு மில்லிமீட்டர் மட்டும்தான் தெரியும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படத்தில் எல்லா அளவையும் மில்லிமீட்டரில் ஒருவரே மாற்றி எழுதட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் மாற்றினால் கூட்டல் வராது.

6. யாரிடம் செய்வது, எந்தத் தகட்டில்

முதலில் தயாராக இருக்கிறதா என்று தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் பத்மினி, அம்பாசடர் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஜீப்புக்கு முழு பாடித் தொட்டியே ஹரியானாவின் மண்டி தப்வாலிப் பக்கம் செய்கிறார்கள். தயாராகக் கிடைப்பதைக் கூட்டாக வாங்குவதாக இருந்தாலும், ஒரே ஒரு ஜோடியை முதலில் வரவழைத்து வண்டியில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் “கம்பெனி ஐட்டம்” என்று சத்தியம் செய்தாலும் சரி, கம்பெனி மூடிய பிறகு வந்த கம்பெனி ஐட்டத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால் கோவைதான் நமக்குக் கிட்டத்தில். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேசர் கட்டிங், பெண்டிங் பட்டறைகள் ஏராளம். நிதானமாகக் கேட்டால் சின்ன ஆர்டரும் எடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் போகாதீர்கள், போனஸ் நெருக்கடியில் உங்கள் பத்து ஜோடி மூலைக்குப் போய்விடும்.

தகடு பற்றித் தாளில் இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும். ஒன்று கனம். 20 கேஜ் என்பது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் ஏறத்தாழ 1.2. கேஜ் என்று சொல்லிவிட்டு வராமல் மில்லிமீட்டரில் எழுதி, வந்த தகட்டை வெர்னியரில் அளந்து பாருங்கள். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே வண்டியைத் தாங்குகிறது. அங்கே சில் அலங்காரத்துக்கு இல்லை. மெல்லிய தகட்டில் செய்தால் குழியில் இறங்கும்போது கதவு இறுகும். ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் அடியில் சேசிஸ் இருப்பதால் கொஞ்சம் தளர்வு உண்டு.

இரண்டாவது தகட்டின் வகை. குளிர்முறையில் உருட்டிய சி.ஆர். தகடு கேளுங்கள். நேர் மடிப்புக்குச் சாதாரண வகை போதும். ஆழமாக அழுத்தி எடுக்கும் பாகமானால் ஐ.எஸ். 513 தரத்தில் ஆழ வடிப்புக்கான வகை வேண்டும், இல்லையென்றால் மூலையில் கிழியும். “ஜி.ஐ. தகட்டில் போட்டால் துருவே பிடிக்காதே” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்தப் புகை டிங்கர் நெஞ்சுக்கும் நல்லதில்லை. துரு முதலில் வருவதே வெல்டிங் ஓரத்தில்தான் என்பதால் பூச்சு இருந்து பெரிய லாபமில்லை. சி.ஆர். தகட்டில் செய்து, உள்ளேயும் வெளியேயும் நல்ல பிரைமர் அடிப்பதே மேல்.

7. விலையைப் பிரித்துக் கேளுங்கள்

“ஜோடி எவ்வளவு?” என்று கேட்டால் ஒரு எண் வரும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒருமுறை மட்டும் வரும் செலவு எது, ஒவ்வொரு ஜோடிக்கும் வரும் செலவு எது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். டை, படம் போடுவது, அச்சு ஆகியவை முதல் வகை. தகடு, வெட்டு, மடிப்பு, பிரைமர் இரண்டாம் வகை.

ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். பேச்சுக்கு, ஒருமுறைச் செலவு 60,000 ரூபாய், ஜோடிக்கு 1,800 என்று வைப்போம். 20 பேர் என்றால் ஆளுக்கு 3,000 சேர்ந்து 4,800. 12 பேர் என்றால் 6,800. 12 பேரில் இரண்டு பேர் பாதியில் கழன்றால் மீதிப் பத்துப் பேருக்கும் 7,800. கழன்றவர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார், ஆளுக்கு ஆயிரம் ரூபாய் மற்றவர்கள் தலையில். இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே எழுதிக் காட்டிவிட்டால், அடுத்த படியில் பணம் கேட்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அங்கேயே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி பாகங்களுக்கு 18 சதவீதம். பழைய 28 சதவீதத்தில் போட்ட மதிப்பீட்டைத் தூசி தட்டி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

8. பணம்

கை தூக்குவதும் பணம் போடுவதும் வேறு. “நானும் நானும்” என்று முப்பது பேர் சொன்னால், அட்வான்ஸ் என்றதும் பாதிப் பேர் ஊரில் இல்லை. அதனால் பட்டறையிடம் எண்ணிக்கை சொல்லும்போது பணம் வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள்.

மூன்று தவணை நன்றாக நடக்கிறது. முதல் தவணை சாம்பிள் செலவுக்கு, சின்னத் தொகை, திரும்ப வராது. இரண்டாவது, சாம்பிள் பொருந்திய பிறகு, ஒருமுறைச் செலவில் அவரவர் பங்கும் தகட்டு விலையும். மூன்றாவது, சரக்கு தயாரானதும். இரண்டாம் தவணையில் ஒருமுறைச் செலவுப் பங்கும் திரும்ப வராது, அவர் விலகினால் தன் இடத்துக்கு இன்னொருவரைப் பிடித்துக் கொடுக்கலாம். இந்த ஒரு நிபந்தனையை எழுதி எல்லோரிடமும் “சம்மதம்” என்று பதில் வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர், பக்கத்து எஸ்டேட்காரர் என்றெல்லாம் விலக்கு வேண்டாம். விலக்கு கொடுத்த இடத்தில்தான் எப்போதும் பாக்கி நிற்கும்.

கணக்காளர் தன் குடும்பக் கணக்கில் வாங்காமல், இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கிரீன்ஷாட் வந்தால் பணம் வந்ததாக எழுதாதீர்கள், பாஸ்புக்கில் வரவு விழுந்ததும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை வரவு செலவைக் குழுவில் போட்டுவிட்டால், கேள்வி வரும் முன்பே பதில் இருக்கும்.

முடிந்தால் பில்லைப் பட்டறையே அவரவர் பெயரில் போடட்டும். ஒருவர் பெயரில் மொத்த பில் வாங்கி, மேலே கொஞ்சம் வைத்துப் பிரித்துக் கொடுத்தால் அது வியாபாரம், வரிக் கணக்கும் கூடவே வரும். அலைச்சலுக்கு, போனுக்கு, பெட்ரோலுக்கு ஆகும் செலவை லாபத்தில் ஒளிக்காமல் “செலவு” என்றே ஒரு வரியில் எழுதி எல்லோரிடமும் வாங்குங்கள். யாரும் மறுக்கப் போவதில்லை.

9. சாம்பிள்: இந்தப் படியில் அவசரமே கூடாது

ஒரு ஜோடி வந்ததும் எல்லோரும் கையில் பிடித்துப் பார்த்து, “சூப்பர்” என்பார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் எல்லா சில்லும் நன்றாகத்தான் இருக்கும். வண்டியில் வைக்க வேண்டும், அதுவும் மாதிரி எடுத்த வண்டியில் இல்லாமல் வேறொரு வண்டியில்.

டிங்கரை அழைத்து கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வெல்டிங் வேண்டாம், கிளாம்ப் மட்டும். கதவை மாட்டி மூடிப் பாருங்கள். கதவின் அடி ஓரத்துக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி முன்னிருந்து பின்வரை ஒரே அளவாக ஓட வேண்டும். முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் வாய் பிளந்தால், மடிப்பின் கோணம் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். தகடு மடக்கியதும் கொஞ்சம் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். பட்டறைக்காரர் அதற்கு ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக மடக்க வேண்டும். கனம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும் என்பதால், சாம்பிள் எந்தத் தகட்டில் செய்தாரோ அதே தகட்டில்தான் மொத்தமும் வர வேண்டும்.

அடுத்து, தண்ணீர் ஓட்டைகள் இருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகச் செய்யும் பாகத்தில் முதலில் விட்டுப்போவது இந்த ஓட்டைதான், ஏனென்றால் மாதிரியில் அது துருவில் கரைந்துபோயிருக்கும். நம் சரிவுகளுக்கு நான் பின்முனையில் ஒரு ஓட்டை கூடுதலாகவே கேட்பேன். பிறகு ஜாக்கி வைக்கும் இடத்தில் தாங்கு தகடு, பீடிங் மாட்டும் கிளிப் துளைகள், அண்டர்கோட் போக இடம்.

குறைகளைச் சாம்பிள் மேலேயே மார்க்கரில் எழுதி, போட்டோ எடுத்து, பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். போனில் சொன்னால் “சரி பண்ணிடலாங்க” என்று வரும், சரியாகாது. இரண்டாவது சாம்பிள் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு ஜோடிக்கான காசு போனாலும் பத்து ஜோடி தப்பிக்கும்.

பொருந்திய சாம்பிள் ஒன்றைக் குழுவின் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சரக்கு வரும்போது அதோடு வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

10. ஆர்டர் தாள்

ஒரு பக்கம் போதும். பாகத்தின் பெயர், டிரைவர் சைடு எத்தனை, கிளீனர் சைடு எத்தனை, தகட்டின் கனம், பிரைமர் உண்டா இல்லையா, தேதி, “சாம்பிளுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் திரும்ப எடுக்க வேண்டும்” என்ற வரி, டை யாருடையது என்ற வரி. பட்டறைக்காரரின் கையெழுத்தும் சீலும். ஒரு ஜோடி கூடுதலாகச் சேர்த்து ஆர்டர் போடுங்கள், வழியில் ஒன்று நசுங்காமல் வராது.

11. வெளிநாட்டிலிருந்து என்றால்

மோரிஸ் மைனர், எம்.ஜி., ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் புதிய தகரம் கிடைக்கிறது. எம்.ஜி.பி.க்கும் மினிக்கும் பழைய கம்பெனி அச்சுகளிலேயே செய்கிற பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி அங்கேதான். வடிவக் கவலை குறைவு, கவலை எல்லாம் கன அளவில்.

விமானக் கூரியரில் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது கன எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 150-க்கு 120-க்கு 40 பெட்டியில் ஒரு பானெட் என்றால் 144 கிலோவுக்குக் காசு, தகரம் இருபது கிலோ இருந்தாலும். கூட்டு வாங்கலின் பலன் இங்கேதான் தெரியும். கப்பலில் பொதுக் கன்டெய்னரில் கன மீட்டர் கணக்கில் போட்டால், ஐந்து பேர் பானெட்டும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வந்துவிடும். கொச்சியோ தூத்துக்குடியோ வசதிப்படி.

ஆனால் ஐந்து பானெட் ஒருவர் பெயரில் வந்தால் சுங்கத்தில் சொந்த உபயோகம் என்று சொல்ல முடியாது. இறக்குமதி-ஏற்றுமதி எண் (ஐ.இ.சி.) உள்ள ஒருவர் பெயரில், சுங்க ஏஜென்ட் மூலமாக எடுங்கள். பாகங்கள் 8708 என்ற தலைப்பில் வரும். தீர்வை, ஜி.எஸ்.டி., துறைமுகக் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிவிட்டு, அதன் பிறகு ஆட்களிடம் விலை சொல்லுங்கள். அங்கே போட்டிருக்கும் பவுண்டு விலையை ரூபாயில் மாற்றி அறிவித்துவிட்டால் பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

12. மலையேற்றுவது

பெரும்பாலான பார்சல் கம்பெனிகள் கோவை அல்லது மேட்டுப்பாளையம் குடோனோடு நிறுத்திக்கொள்ளும். அங்கிருந்து மேலே கொண்டுவருவது உங்கள் பாடு. கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகளும் பிக்கப்புகளும் திரும்பும்போது காலியாக வரும். தெரிந்த டிரைவர் இருந்தால் தனி வண்டிக்கு ஆவதில் பாதிகூட ஆகாது. கடைசி நிமிஷத்தில் உர மூட்டை ஏற்றமாட்டார் என்ற உறுதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அதன் அடியில் போனால் சில் தட்டையாகிவிடும்.

வெளியூர் வண்டி வருவதாக இருந்தால் இ-பாஸ் விஷயத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். டி.என். 43 வண்டிகளுக்கு அது வேண்டாம். மே மாதம் தவிருங்கள், சீசனில் மலைப்பாதை ஒருவழியாகும், நெரிசலும் கூட. மைசூர் வழி வருகிற சரக்கு என்றால் இரவு 9 மணிக்கு மேல் காட்டுப் பாதை மூடியிருக்கும்.

சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தையும், வெளிமாநிலத்திலிருந்து 50,000-ஐயும் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும். பட்டறைக்காரர்தான் போட வேண்டும், லாரி கிளம்பும் முன் எண்ணை வாங்கிவிடுங்கள்.

கட்டுவதற்கு மரச் சட்டம், சாக்கு, பழைய போர்வை போதும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் கெடுபிடி இருப்பது தெரிந்ததே. ஒவ்வொரு தகரத்திலும் ஆளின் பெயரும் சைடும் சுண்ணாம்புக் கட்டியில் எழுதாமல் கம்பியில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். பர்லியார் தாண்டினால் பனி, சுண்ணாம்பு எழுத்து மேலே வந்து சேராது.

13. பிரித்துக் கொடுப்பது

குடோனில் சரக்கு எடுக்கும்போதே கட்டைப் பிரித்து, எண்ணி, நசுங்கியதைப் போட்டோ எடுத்து, எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் எழுதி, அங்கிருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரட்டும். ஆளாளுக்கு வந்து எடுத்தால், முதலில் வந்தவர் நல்லதைப் பொறுக்கிவிட்டுப் போவார், கடைசியில் வருகிறவருக்குக் கோணல் கிடைக்கும். சாம்பிளோடு வைத்துப் பார்த்து, வரிசை எண் போட்டு, சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். மூன்றாம் தவணை வராதவர் பங்கு கணக்காளர் வீட்டிலேயே இருக்கட்டும், அவர் யாராக இருந்தாலும்.

14. பொருத்தும்வரை

வெறும் தகட்டை இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம் வைத்தால் மேலே செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். பட்டறை அடித்துத் தரும் மெல்லிய பிரைமர் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, அதை நம்பாதீர்கள். வந்த வாரத்திலேயே எபாக்சி பிரைமர் அடித்து, தரையில் படாமல் கட்டை மேல் நிறுத்தி வையுங்கள். வெல்டிங் வரும் ஓரத்தை மட்டும் பெயின்ட் இல்லாமல் விட்டு கிரீஸ் தடவலாம்.

தனிச் சேசிஸ் இல்லாத வண்டியில் இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. கதவு இடைவெளியில் குறுக்கே கம்பி வைத்து டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடித்து, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம். ஜாக்கி ஸ்டாண்டு போட்ட இடம் சமமாக இருக்க வேண்டும், வீட்டு முன் சரிவில் இந்த வேலை வேண்டாம்.

50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் 2021-இல் வந்த விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். சேசிஸ், பாடி கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துருப்பிடித்த சில்லை அதே வடிவத்தில் மாற்றுவது வேறு, ஃபைபர் தொட்டியைத் தூக்கி வைப்பது வேறு. பழைய தகரத்தின் போட்டோ, பில், சாம்பிள் அளவுகள் எல்லாவற்றையும் ஆர்.சி.யோடு வைத்திருங்கள்.

15. டை, படம், மீந்த ஜோடி

லேசர் வெட்டுக்கான கணினிப் படத்தைப் பட்டறையிலிருந்து நகல் வாங்கி இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். டை செய்திருந்தால் அதில் குழுவின் பெயரைப் பொறித்து, பட்டறையிலேயே விட்டுவைத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள். மலைக்குக் கொண்டுவந்தால் துருப்பிடிக்கும், அடுத்த முறை கீழே கொண்டுபோகக் கூலியும் ஆகும். அந்த டையில் பட்டறைக்காரர் வெளி ஆட்களுக்குச் செய்து விற்கலாமா, விற்றால் குழுவுக்கு என்ன என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாக ஆர்டர் போட்ட ஜோடி நசுங்காமல் வந்திருந்தால், ஒருமுறைச் செலவுப் பங்கையும் சேர்த்தே விலை வைத்து விற்று, வரும் பணத்தை ஆளுக்குச் சமமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, கணக்கை மூடி, கடைசி வரவு செலவுத் தாளைக் குழுவில் போடுங்கள்.